கடலோர வார்டுக்கு மானியம்: எந்த வேலையை எந்தக் கதவில் கேட்பது?

கேள்வி: கடலூர் மாநகராட்சியில் கடலை ஒட்டிய ஒரு பகுதியில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஆற்றுத் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியாகத் திரும்பி எங்கள் தெருவுக்குள் ஏறுகிறது. கரை அரித்துக்கொண்டே போகிறது. புயல் என்றால் ஒதுங்க உருப்படியான கூடம் இல்லை. குடியிருப்போர் சங்கமும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து மூன்று வருடமாக மனு கொடுக்கிறோம். "நிதி இல்லை" என்பதுதான் பதில். பேரிடர் தடுப்புக்கென்று தனி நிதி இருக்கிறது என்கிறார்களே, அதை யாரிடம், எப்படிக் கேட்பது? மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். – வாசகி, கடலூர்

பதில்: மனுவை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள ஒவ்வொரு கோரிக்கையும் நியாயமானது. ஆனால் கடல் சுவர், வடிகால், சமுதாயக் கூடம், மரக்கன்று என்று நான்கும் ஒரே மனுவில் இருக்கின்றன. அந்த மனு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே இருப்பவர் "இதில் முக்கால்வாசி என் துறை இல்லை" என்று நியாயமாகவே சொல்ல முடியும். மூன்று வருடம் அது சுற்றியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். முதல் வேலையாக அதைப் பிரித்து எழுதுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட நிதி உண்மையில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டு வகை நிதியைப் பேசுகிறது. பேரிடர் வந்த பிறகு செலவழிப்பது ஒன்று, வருவதற்கு முன்பே ஆபத்தைக் குறைக்கச் செலவழிப்பது இன்னொன்று. இரண்டாவது வகை ரொம்ப காலம் சட்டப் புத்தகத்தில்தான் இருந்தது. மாநிலங்களுக்கு நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது குழுதான் அதற்கு உயிர் கொடுத்தது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதி மொத்தம் 1,60,153 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 20 சதவீதத்தை, அதாவது சுமார் 32,031 கோடியை, மாநிலப் பேரிடர் தணிப்பு நிதி என்று தனியே ஒதுக்கச் சொன்னது. தேசிய அளவில் இதே நோக்கத்துக்கு 13,693 கோடி. சென்னை வெள்ளத் தடுப்புக்காக 2023 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்த 561.29 கோடி ரூபாய்த் திட்டம் இந்தத் தேசியத் தணிப்பு நிதியில் வந்ததுதான். அதில் மத்திய அரசின் பங்கு 500 கோடி. 2026 ஏப்ரலிலிருந்து 16ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால் தொகைகளைப் புதிய ஆணையில் பார்த்துக்கொள்ளுங்கள். மனு போகும் பாதையைச் சொல்வது சட்டம். அந்தப் பாதை அப்படியே இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தணிப்பு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று அதே நிதிக்குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது: உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்கும், ஆபத்தைக் குறைக்கும் வேலைகளுக்கு. கடல் சுவர், பெரிய வெள்ளத் தடுப்புக் கரை போன்றவற்றை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில்தான் செய்ய வேண்டும், இந்த நிதியில் அல்ல என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் மனுவின் முதல் கோரிக்கை கடல் சுவர். படிப்பவர் முதல் பத்தியிலேயே "தகுதி இல்லை" என்று எழுதிவிட வழியிருக்கிறது. ஆனால் நான்காவது பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும் வடிகால் பிரச்சினைதான் இந்த நிதிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற வேலை. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த வடிகாலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கடலூர்ப் பக்கம் ஓதத்துக்கும் (கடல் ஏற்றம்) வற்றுக்கும் (கடல் இறக்கம்) இடையிலான வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனால் கடலோர நகரத்தில் வடிகாலுக்குக் கிடைக்கும் சரிவு அதைவிடக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியில் ஓதம் உயரும்போது கெடிலத்திலும் உப்பனாற்றிலும் வெள்ளமும் வந்தால், வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். பிறகு தெருத் தண்ணீர் ஆற்றுக்குப் போவதற்குப் பதில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு வரும். நீங்கள் எவ்வளவு தூர்வாரினாலும் இது நிற்காது, வடிகாலை அகலப்படுத்தினால் இன்னும் தாராளமாக வரும். இதற்குத் தேவை வடிகாலின் வாயில் ஒருவழிக் கதவு: வெளியே போகும் தண்ணீருக்குத் திறந்து, உள்ளே வரும் தண்ணீருக்குத் தானே மூடிக்கொள்வது. கதவு மூடியிருக்கும் நேரத்தில் பெய்யும் மழை உள்ளேயே தேங்கும் என்பதால் கூடவே ஒரு தேக்கத் தொட்டியும் மோட்டாரும் வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுக் கதவு மட்டும் போட்ட இடங்களில், ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் மழைத் தண்ணீர் தேங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

மனுவில் உணர்ச்சி நிறைய இருக்கிறது, அளவு இல்லை. எத்தனை நாள், எத்தனை அங்குலம், எத்தனை வீடு? நான் பொறியாளராக வேலை பார்த்த ஒரு கடலோர நகராட்சியில் இதே மாதிரி ஒரு கோப்பு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர் பள்ளிக்கூட நோட்டில் இரண்டு மழைக்காலம் எழுதி வைத்த கணக்கை இணைத்தோம். தேதி, நேரம், வாசல்படியில் எத்தனை விரற்கடை, அன்று ஓதம் எப்படி, எத்தனை பேர் வேலைக்குப் போகவில்லை. திட்டம் அதேதான், தொகையும் கிட்டத்தட்ட அதேதான். அந்த நோட்டைப் பார்த்த பிறகு யாரும் "தேவையா?" என்று கேட்கவில்லை. நீங்களும் அதைச் செய்யுங்கள். கூடவே மாநகராட்சி உதவிப் பொறியாளரிடம் ஒரே ஒரு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: வடிகால் வாயின் அடிமட்டம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். அந்த ஒரு எண் பத்துப் பக்கக் கடிதத்துக்குச் சமம்.

சரி, யாரிடம் போவது? தணிப்பு நிதிக்குச் சங்கம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. முதலில் உங்கள் வார்டின் பகுதி சபையில் தீர்மானம், அங்கிருந்து வார்டு குழு, பிறகு மாமன்றத் (மாநகராட்சி மன்றம்) தீர்மானம். மாநகராட்சி மதிப்பீட்டோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும், அவர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். அங்கிருந்து வருவாய் நிர்வாக ஆணையர் வழியாகத் தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநில நிர்வாகக் குழுவுக்குப் போகும். நீளமான பாதைதான். பாதி வழியில் கோப்பு நிற்பது பெரும்பாலும் ஒரே கேள்வியால்: "கட்டிய பிறகு பராமரிப்பு யார் செலவு?" மோட்டாருக்கு மின்கட்டணம், கதவில் சிக்கும் குப்பையை எடுக்க ஆள், இரண்டையும் மாநகராட்சி ஏற்கிறது என்று மாமன்றத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2025இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று தனியாக ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அதற்கு மாநகராட்சி ஆணையாளர் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்துப் பார்த்த கடலூருக்கு அது வேண்டும் என்று மாமன்ற உறுப்பினர் வழியாகத் தனித் தீர்மானம் கேளுங்கள்.

கடல் அரிப்பை நான் தள்ளி வைத்ததாக நினைக்க வேண்டாம். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வில் தமிழகக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகிறது என்று தெரியவந்தது. ஆனால் இது ஒரு வார்டின் அளவில் தீர்க்கக்கூடிய பிரச்சினை அல்ல. நம் கரையில் மணல் வருடக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே எதைக் கட்டினாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். உங்களுக்கு வடக்கே புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு நகரத்தின் கடற்கரை காணாமல் போனது உங்களுக்குத் தெரிந்த கதைதான். உங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) வாங்கினால் பக்கத்து ஊர்க்காரர்கள் அடுத்த வருடம் மனுவோடு நிற்பார்கள். ஆகவே இதை மீன்வளத் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தாரோடு சேர்ந்து கேளுங்கள். அரிப்புத் தடுப்புக்கென்றே 15ஆவது நிதிக்குழு தேசியத் தணிப்பு நிதியில் 1,500 கோடி தனியாக ஒதுக்கியது. அந்த மாதிரி நிதியை மாநில அரசுதான் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பங்கு, மாநிலம் அனுப்பும் பட்டியலில் உங்கள் கரையின் பெயர் இருக்கும்படி ஆட்சியரிடம் தரவு கொடுப்பது. பழைய படகுத்துறைக்கும் இப்போதைய அலைக்கும் இடைவெளி, போன ஐந்து வருடத்தில் போன தென்னை மரங்கள், இடிந்த வீடுகள் என்று எல்லாம் தரவுதான்.

வார்டு அளவில் கரைக்குச் செய்யக்கூடியது மணல்மேட்டைக் காப்பது. சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் மணல்மேட்டைச் சமப்படுத்திச் சவுக்கு நட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேடு தானே மணலைப் பிடித்து வளரும். மனுவில் "மரக்கன்று நடுதல்" என்று பொதுவாக எழுதாமல் மணல்மேடு மீட்பு, ஆற்றோரத்தில் அலையாத்தி என்று எழுதுங்கள். மாநில அரசின் 2023-24 பட்ஜெட்டில் அறிவித்த தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கமும், மத்திய அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய மிஷ்டி அலையாத்தித் திட்டமும் இதற்கான கதவுகள். இரண்டுக்கும் வனத்துறையைப் பாருங்கள். பிச்சாவரத்தில் அழிந்த அலையாத்திக் காட்டை மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி மீட்ட அனுபவம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கன்று நட்டுவிட்டு வருவதால் மட்டும் அலையாத்தி வளராது, ஓதத் தண்ணீர் உள்ளே வந்து போக வழி வேண்டும்.

அப்புறம் கூடம். இதற்குத் தணிப்பு நிதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். தனி ஆள், சங்கம், கம்பெனி யார் வேண்டுமானாலும் அந்தப் பங்கைச் செலுத்தலாம். நடப்பு ஆண்டு அரசாணையை ஆணையாளர் அலுவலகத்தில் கேட்டு விகிதத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. ஏப்ரல், மே மாதத்திலேயே போய்க் கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள் உங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பேரிடர் மேலாண்மையும் இருக்கிறது. அவர்களிடம் கூடம் முழுவதையும் கேட்காமல், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று பிரித்துக் கேளுங்கள்.

கூடத்துக்கு நிலம் முக்கியம். எனக்குத் தெரிந்து பணம் ஒதுக்கியும் நின்றுபோன கூடங்கள் அத்தனையும் நிலத்தில்தான் நின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டின் நகல் வாங்கி, அந்த இடம் நத்தமா, புறம்போக்கா, நீர்நிலையா என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி அந்த இடம் எந்த வகையில் வருகிறது என்பதையும் வரைபடத்தில் பார்த்து, அனுமதிக் கடிதத்துக்கு இப்போதே எழுதுங்கள். அந்தக் கடிதம் வர மாதங்கள் ஆகும், மதிப்பீடு தயாரிக்கச் சில நாள் போதும்.

வரைபடத்தில் நான் பிடிவாதமாகக் கேட்பது நான்கு விஷயம்: நீங்கள் பார்த்த அதிகபட்ச வெள்ளத்துக்கு மேல் தரைமட்டம், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், ஜெனரேட்டரும் மின்பலகையும் மாடியில், பெண்களுக்கு உள்ளேயே தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை. கடைசியாகச் சொன்னது இல்லாததால் புயல் இரவில் முகாமுக்கு வராமல் வீட்டிலேயே இருந்த பெண்களை எனக்குத் தெரியும். தினமும் பாலர் பள்ளியோ தையல் வகுப்போ நடக்கும் கூடமாகக் கட்டுங்கள். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் கட்டடத்தில் அந்த இரண்டு நாளும் சாவி கிடைக்காது.

வெளிநாட்டு அறக்கட்டளையிடம் கேட்கலாமா என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது. அந்த வழியை விட்டுவிடுங்கள்.

இந்த மழைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. தெருவில் மூன்று மின்கம்பங்களைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக, மூன்றடி உயரம் வரை பெயிண்டில் அளவுக்கோல் போடுங்கள். ஆணையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஐப்பசி அமாவாசைக்குள் பெயிண்ட் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறும் ஒவ்வொரு முறையும் மூன்று கம்பத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். தை மாதம் அந்தப் படங்களோடு எழுதி அனுப்புங்கள், மனுவின் முதல் பக்கத்தைச் சேர்ந்து எழுதலாம்.