தலைகீழ் வகுப்பறை: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பாலக்காட்டு எல்லையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பாடத்தை வீட்டிலேயே காணொளியில் பார்த்துவரச் சொல்லி, வகுப்பில் கணக்கும் விவாதமும் நடத்தும் தலைகீழ் வகுப்பறை முறையை இந்தப் பருவத்தில் தொடங்கினேன். பாதிப்பேர் பார்க்காமலே வருகிறார்கள். தமிழ்வழியில் படித்துவந்தவர்களுக்கு ஆங்கிலக் காணொளி புரிவதுமில்லை. கடைசியில் நானே மறுபடி பாடம் நடத்துகிறேன். இம்முறை நம் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

ஓர் உதவிப் பேராசிரியர், சித்தூர்

அன்புள்ள பேராசிரியருக்கு,

ஒத்துவரும் என்றே உறுதியாக நம்புகிறேன். காணொளியை இம்முறையின் உயிராகக் கருதியதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2007-இல் கொலராடோ பள்ளி ஒன்றில் ஜொனாதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள் தம் பாடங்களைப் பதிவுசெய்து கொடுத்த பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது என்றாலும், ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களிலேயே பாடநூலைப் படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பு நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்கினார். கேள்விக்கு ஒவ்வொருவரும் தனியே விடை சொல்ல வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மீண்டும் விடை சொல்ல வேண்டும்.

வாளையாறு சாலையில் சரக்கு லாரி ஒரு சிறிய காரில் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி எழுதும் மாணவர்களிலேயே பலர் லாரி என்பார்கள். விசை இரண்டின்மீதும் சமம், நிறை குறைந்த காரின் வேகமாற்றமே பெரிது என்பதை, சற்றுமுன் அதே குழப்பத்திலிருந்து மீண்ட தோழி தமிழும் மலையாளமும் கலந்து விளக்கும்போது, நாம் கரும்பலகையில் எழுதுவதைவிட நன்றாக மனத்தில் பதிகிறது.

பார்க்காமல் வந்தவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தாதீர்கள். பார்த்து வந்தவர்களும் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள். வகுப்புத் தொடங்கியதும் இரண்டு சிறு கேள்விகளுக்குத் தாளில் விடை வாங்கி, அக மதிப்பீட்டில் சிறிது மதிப்பெண் கொடுங்கள். தயாராகாதவர்கள் பின்வரிசையில் அமர்ந்து கைபேசியில் பார்த்து முடிக்கட்டும். மற்றவர்கள் கணக்கைத் தொடங்கட்டும்.

காணொளியை நீங்களே தமிழில், பத்து நிமிடத்துக்கு மிகாமல், தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலக் கலைச்சொற்களையும் சேர்த்துச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து பேருந்தில் வருபவர்கள் வழியிலேயே கேட்டுவிடலாம். டேட்டா தீர்ந்தவர்களுக்காக இரண்டு பக்கக் குறிப்பை நகலெடுத்து வையுங்கள்.

இந்தப் பருவத்தில் ஓர் அலகை மட்டும் இப்படி நடத்துங்கள். பதிவுக்கு ஆவதைவிட, வகுப்பைப் பேசவைக்கும் கேள்விகளை அமைக்கத்தான் உங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

அன்புடன்.