மலம் கருப்பாகப் போகிறது, நெஞ்சும் அடைக்கிறது: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த அப்பாவுக்கு நாலைந்து நாளாக மலம் கருப்பாகப் போகிறது, நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, இரண்டும் சம்பந்தப்பட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மீதியை அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

எனக்குக் கோத்தகிரி பக்கம். எங்கள் ஊரில் மூச்சு வாங்கினால் மேடு, குளிர், வயசு என்று காரணம் சொல்லிவிடுவார்கள். என் அம்மா தேயிலைத் தோட்டத்துச் சரிவிலேயே காலத்தைக் கழித்தவர். அவரே ரேஷன் கடை மேட்டில் பாதி வழியில் உட்கார ஆரம்பித்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்த நர்ஸ் அக்காதான், "வெளிக்குப் போறது எப்படிம்மா இருக்கு, கருப்பா போகுதா?" என்று கேட்டார். இமை உள்பக்கம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தார் மாதிரி பிசுபிசுப்பாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு போவதை அம்மா கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 6-க்கும் கீழே இருந்தது, ஈசிஜியிலும் மாற்றம். கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள்.

இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க, ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டும் அம்மா சாப்பிட்டு வந்தார். கூடவே மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் இரைப்பையின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைத்துப் புண்ணாக்கும். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை உள்ளே போவதால் அந்தப் புண் லேசில் நிற்காமல் கசியும். கசிந்த ரத்தம் செரித்து வெளியே வருவதால்தான் மலம் கருக்கிறது. வயிற்றுவலி இல்லாமலேயே இது நடக்கும் என்பதுதான் பயமே. ரத்தம் குறையக் குறைய இதயத்துக்கு ஆக்சிஜன் போதாது, ஈடுகட்ட வேகமாகத் துடிக்கும், அதனால் தேவை இன்னும் கூடும். ஏற்கெனவே சுருங்கிய குழாய் என்றால், புதிய அடைப்பு இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். மெட்டோப்ரோலால் மாதிரி இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு ஏறாமலே இருக்கலாம், அதை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்.

அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பியில் (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) புண்ணைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். இதயம் தாங்க வேண்டுமே என்று ரத்தத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் ரத்தம் கசிவதை 1958-இல் ஹெய்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். குறுகிய வால்வில் பீறிட்டுப் பாயும்போது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் சிதைந்துபோகிறது. வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவும் நின்றுவிடுகிறது.

தயவுசெய்து ஆஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலி மாத்திரையை மட்டும் இப்போதே விட்டுவிடலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் அதுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், தைலக்கடை லேகியம் உட்பட. ரத்த வாந்தி, மயக்கம், நிற்காத நெஞ்சுவலி என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.