கல்லாவில் கிடக்கும் பணம் யாருடையது?

கேள்வி: தாராவியில் வாடகை அறை எடுத்து, மனைவியுடன் ஆறு ஆண்டுகளாக முறுக்குச் சுட்டு விற்கிறேன். மாதம் 500 கிலோ போகிறது. கிலோ 240 ரூபாய். பாதிச் சரக்கை எடுக்கும் கடைக்காரர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். விற்பனை குறையவில்லை, ஆனாலும் எண்ணெய் டின் வாங்க மூன்று வட்டிக்குக் கடன் வாங்குகிறேன். இன்னோர் அடுப்புப் போட்டால் நிலைமை சீராகுமா?
- வாசகர், மும்பை

பதில்: அடுப்பு இருக்கட்டும். மாவு, எண்ணெய், காஸ், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 180 ரூபாய், வாடகை 12,000 போக, மிச்சம் 18,000 ரூபாயை லாபம் என்று நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் வட்டமிட்டிருக்கிறீர்கள். விடியற்காலையில் மாவு பிசையும் உங்கள் கையும், எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கும் உங்கள் மனைவியின் கையும் அந்தத் தாளில் இல்லை. இருவருக்கும் பதிலாக ஆள் வைத்து 30,000 ரூபாய் கூலி கொடுத்தால், கிலோவுக்கு மிஞ்சும் 60 ரூபாயும் கூலிக்கே சரியாகிவிடும்; வாடகை கையிலிருந்துதான் போகும். இந்த விலையில் ஆள் வைத்து இன்னோர் அடுப்பை மூட்டினால் வேலை கூடும், வெளியே நிற்கும் பாக்கி கூடும், வருமானம் கூடாது. தீபாவளி நேரத்துக் கல்லாவைப் பார்த்து நானும் இப்படி ஏமாந்தவன்தான்.

கடைக்காரரிடம் எப்போதும் உங்கள் பணம் 1,20,000 ரூபாய் நிற்கிறது. அதே தொகையை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,600 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். அவர் வியாபாரத்துக்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். சிறுதொழில்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும், கட்டணமே இல்லாத உத்யம் பதிவை முதலில் செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். நாளையும் சரக்குப் போட வேண்டியவர் புகார் கொடுக்கத் தயங்குவார் என்பது தெரியும். ஆனால், கெடு தாண்டி நிலுவையில் உள்ள தொகையைக் கடைக்காரர், அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கணக்கு ஆண்டு முடியும் மார்ச் பிறப்பதற்கு முன் அவருடைய கணக்காளரிடம் உங்கள் உத்யம் சான்றிதழைக் கொடுத்து வையுங்கள், சண்டையே வேண்டியிருக்காது.

வட்டிக் கடனை அடைக்க, சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனை வங்கியில் கேளுங்கள். அதில் மிகச் சிறிய கடன்களுக்கான சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் தருவார்கள். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் கை வைப்பதை விட்டுவிட்டு, இருவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை 1ஆம் தேதி எடுங்கள். விலையை, ரொக்கம் கொடுத்து வாங்குபவர்களிடம் அல்லாமல், கடனுக்கு எடுப்பவரிடமிருந்தே முதலில் உயர்த்தத் தொடங்குங்கள்.