கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே? (தோ பாயோ வாசகர்)

பதில்: பணம் போடுகிறவர் ஃபைனான்சியர். அதற்கு வட்டி கட்டுகிறவர்தான் தயாரிப்பாளர்!

கேள்வி: ஏவி.எம். ஸ்டூடியோவைத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருமுன் என்ன செய்தார்? (ஈசூன் வாசகி)

பதில்: கிராமபோன் ரிக்கார்டு வியாபாரம்! காரைக்குடியில் அப்பா கடையில் தொடங்கி, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தினார். பாட்டு விற்றவர் ஆயிற்றே, காது சும்மா இருக்குமா? 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடித்த அம்மையாரின் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்துச் சேர்த்துவிட்டார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு நுழைந்த கதை இதுதான். ஆரம்பத்தில் எடுத்த படங்கள் கையைச் சுட்டன, மனிதர் அசரவில்லை. காரைக்குடியிலேயே கீற்றுக் கொட்டகை ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார். 1947-இல் வந்த அந்தப் படத்தில் பாரதி பாட்டுகள் ஒலித்தன. அவற்றின் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர், பின்னர் ஒரு காசும் வாங்காமல் அரசிடம் கொடுத்துவிட்டார். அவருடைய வெள்ளிவிழாப் படங்களைவிட எனக்கு இதுதான் பெரிது. சிங்கப்பூர் தேக்காவில் கேசட் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். விற்கிற பாட்டைச் சும்மா கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும், அம்மா?