கரையோரப் பயணத்தில் இரவு எங்கே தங்குவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் திருகோணமலையிலிருந்து உகந்தை முருகன் கோயில் வரைக்கும் கரையோரமாகவே வானில் போய்வரத் தீர்மானித்திருக்கிறோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக எட்டுப் பேர். மாமியாருக்கு வயது 76. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. கடைக்குட்டிக்கு வயது நான்கு. போகும் வழியில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். கணவர் பாசிக்குடா என்கிறார். பிள்ளைகள் நேரே அறுகம்பைக்கே போய்விடலாம் என்கிறார்கள். எனக்கு மட்டக்களப்பு நகரப் பக்கம்தான் வசதி என்று படுகிறது. எதைத் தெரிவு செய்யலாம்?
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: உங்களுக்குப் பட்டதே சரி, சகோதரி. முதல் இரவை மட்டக்களப்பில், அதிலும் வாவிக்குத் தெற்கே உள்ள கல்லடிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருடைய ஆசையையும் அதே நாளில் நிறைவேற்றலாம். பிள்ளைகளின் ஆசை மட்டும் ஒருநாள் காத்திருக்க வேண்டும்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு 100 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதற்கப்பால் அறுகம்பை, பாணமை, உகந்தை என்று இன்னும் முப்பது கிலோமீட்டர் வரை இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, மற்றத் துறைகளிலும் வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் பாதைக்காகக் காத்துக் கிடந்த காலம் போய்விட்டதால், ஒரே மூச்சில் அறுகம்பை வரை ஓடிவிடலாம் என்று இளையவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. தனியே ஓட்டிச் செல்லும் ஓர் இளைஞனுக்கு அது முடியும். ஆனால் வெருகலில் இறங்கிக் கும்பிட்டு, வாகரையில் தேநீர் குடித்து, நான்கு வயதுப் பிள்ளைக்காக இடையிடையே நிறுத்தி, மாமியார் காலை நீட்டி மடக்கச் சற்று நேரம் கொடுத்துப் போகும் ஒரு குடும்பம், எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும் அக்கரைப்பற்றைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிடும்.

அக்கரைப்பற்று வரை ஊருக்கு ஊர் ஒட்டியபடி கடையும் வெளிச்சமும் ஆட்களுமாக இருக்கும். தம்பிலுவில், திருக்கோவில் கடந்த பிறகு ஊர்கள் விலகத் தொடங்கும். கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் இடையில் வெட்டைதான் அதிகம். ஆகஸ்டில் மாலை ஆறரைக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். இருட்டிய பிறகு அங்கே யானையை மட்டும் நினைத்துப் பயப்படுவார்கள். அதைவிட அடிக்கடி எதிர்ப்படுவது மாடும் எருமையும். பகல் முழுவதும் வெயில் குடித்த தார் வீதியின் சூட்டுக்காக அவை வந்து நடுவீதியிலேயே படுத்துக்கொள்ளும். எதிரே வரும் பேருந்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்தக் கணத்தில், கரிய எருமை ஒன்று வீதியோடு வீதியாகிப்போகும். கிட்டப் போன பிறகுதான் அதன் கண் இரண்டும் மினுங்கும். போதாததற்கு ஆகஸ்ட் என்பது சிறுபோக அறுவடைக் காலம். வயற்புறமாக வீதி ஓடும் இடங்களில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டு, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். பகலில் அது கண்ணுக்கு அழகு; இரவில் அந்தக் கல் தெரியாது. ஆகவே இரவுத் தங்கலைத் தெரிவு செய்யும்போது, வெறிச்சோடிய துண்டு வீதிக்கு முன்னால் உள்ள ஊரில் தங்கி, அந்தத் துண்டை மறுநாள் காலையில் கடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிக்குடாவை ஏன் தங்குமிடமாகச் சொல்லவில்லை என்றால், அது உங்களுக்கு மிகவும் முன்னாலேயே வந்துவிடுகிறது. திருகோணமலையிலிருந்து 100 கிலோமீட்டர் அளவில் நின்றுவிட்டால், மீதி முழுவதும் மறுநாளின் தலையில் விழும். ஆனால் சின்னப் பிள்ளைகளுடன் கடலில் இறங்குவதற்கு இந்தக் கரையில் அதைவிட நல்ல இடம் இல்லை. முருகைக்கற்பார் அலையைத் தடுத்துவிடுவதால் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். காலை ஏழரைக்கு உப்புவெளியிலிருந்து புறப்படுங்கள். வாழைச்சேனையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் தணிந்து மூன்று மணியளவில் பாசிக்குடாவில் இறங்குங்கள். நான்கரைக்குப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட வேண்டும்; இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். கல்லடிக்கு அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குள் போய்விடலாம்.

கல்லடி என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. பாலத்தைக் கடந்து தென்கரையில் தங்கினால், மறுநாள் காலை நகர நெரிசலுக்குள் போகாமலே கல்முனை வீதியில் ஏறிவிடலாம். நள்ளிரவில் மாமியாருக்குச் சீனி இறங்கிவிட்டாலோ ஏறிவிட்டாலோ போதனா வைத்தியசாலை பாலத்துக்கு அப்பால், சில நிமிட ஓட்டத்தில் இருக்கிறது. கடற்கரையும் நடந்துபோகும் தூரம். ஆனால் அது திறந்த கடல், பாசிக்குடாவைப் போல் அடங்கிய குடா அன்று. அங்கே காற்று வாங்கலாம், பிள்ளைகளைக் குளிக்க விடக்கூடாது. 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தையும் வாவியையும் மாலையில் மாமியாருக்குக் காட்டுங்கள்; அவருடைய தலைமுறைக்கு அந்தப் பாலமே மட்டக்களப்பு.

அறையைப் பற்றி. படத்தில் கட்டிலையும் திரைச்சீலையையும்தான் காட்டுவார்கள். நீங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டியது குளியலறையைப் பற்றி. நம் பக்கத்துத் தங்குவிடுதிகள் பலவற்றில், தண்ணீர் அறைக்குள் வராமல் இருப்பதற்காகக் குளியலறை வாசலில் அரையடி உயரத்துக்குச் சீமெந்துக் கட்டு ஒன்று கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டிக் காலை வைக்கும் இடம் வழுவழுப்பான மாபிள். ஒருவர் குளித்திருந்தால் ஈரமாகவும் இருக்கும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. முழங்கால் வலியுள்ள ஒருவர் இரவில் இரண்டு தடவை எழுந்து போக வேண்டியிருந்தால், அந்தக் கட்டு ஒன்றே பயணத்தை வைத்தியசாலையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கீழ்த்தள அறையா, குளியலறை வாசலில் கட்டு உண்டா, கொமட் இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். அதன் பிறகு குளிரூட்டியைப் பற்றிக் கேட்டால் போதும். கடலோரக் கிணறுகளில் உவர் கலந்திருக்கும். ஆகவே குடிக்கவும் பிள்ளைக்குப் பால் கரைக்கவும் போத்தல் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுளம்பு வலை அறையில் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்; வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

இராச்சாப்பாட்டை முற்பகலிலேயே சொல்லி வையுங்கள். சிறிய விடுதிகளில் ஆட்கள் வந்து சொன்ன பிறகுதான் மீன் வாங்கப் போவார்கள். சாப்பாடு மேசைக்கு வர ஒன்பது மணியாகிவிடும். இன்சுலின் போடுகிறவருக்கு அந்தத் தாமதம் ஆபத்து. "ஏழு மணிக்கு இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும்" என்று நேரத்தோடு சொல்லிவிட்டால் மனம் கோணாமல் செய்து தருவார்கள். மருந்தை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சாரதி வாடகை வானோடு வருகிறவர் என்றால், அவருக்கும் ஒரு படுக்கையும் சாப்பாடும் கேட்டு வாங்குவது உங்கள் கடமை. வானின் ஆசனத்தில் நுளம்புக்கடியோடு இரவைக் கழித்த ஒருவரிடம் மறுநாள் எட்டு உயிர்களை ஒப்படைக்கக் கூடாது.

மறுநாள் ஏழு மணிக்கு முன் புறப்பட்டால் கல்முனை, சாய்ந்தமருது கடைவீதிகள் நெரிசலாவதற்கு முன்பே கடந்துவிடலாம். திருக்கோவிலில் கடலோரமாக இருக்கும் சித்திரவேலாயுத சுவாமியைத் தரிசித்து, மதியத்துக்குப் பொத்துவில் போய்ச் சேருங்கள். இரண்டாம் இரவு பிள்ளைகள் கேட்ட அறுகம்பையில் இருக்கட்டும். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அங்கே அலைச்சறுக்குப் பருவம். பிரதான வீதியை ஒட்டிய விடுதிகளில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் கேட்கும். எனவே உட்பக்கத்திலோ பொத்துவில் ஊருக்குள்ளோ அறை பாருங்கள். உகந்தைக்கு மூன்றாம் நாள் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். பாணமைக்கு அப்பால் காட்டுவழி. பொழுது சாயும் நேரத்தில் அங்கே இருப்பது நல்லதன்று.

ஒன்றைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தம் மட்டக்களப்பு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் பெருங்கூட்டமாக நடக்கும். அது உங்கள் திகதிகளுக்குக் கிட்ட வருமானால் மட்டக்களப்பில் அறை கிடைப்பது கடினம். ஒன்றில் பல வாரங்களுக்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயணத்தை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: நாங்கள் அக்கரைப்பற்றிலிருந்து பாசிக்குடாவுக்கு ஓர் இரவு தங்கிவரப் போகிறோம். உம்மாவும் மூன்று பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். கடலைப் பார்த்த ஹோட்டலில் கூடிய வாடகை கொடுத்துத் தங்குவதா, ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கம் தங்கிக் கடலுக்குப் போய் வருவதா?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: ஓட்டமாவடிப் பக்கமே தங்குங்கள். கடல் தெரியும் யன்னலுக்காக நீங்கள் கொடுக்கும் மேலதிகப் பணத்துக்குப் பிள்ளைகள் அந்த யன்னலடியில் பத்து நிமிடம்கூட நிற்கப் போவதில்லை. பெரிய ஹோட்டல்களில் வாடகையை அறைக்கு என்று சொல்கிறார்களா, ஆளுக்கு என்று சொல்கிறார்களா என்பதில் குடும்பங்கள் தடுமாறுவதுண்டு. பிள்ளைக்கு எந்த வயதிலிருந்து கணக்கு, வரியும் சேவைக் கட்டணமும் அதற்குள் அடக்கமா என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள். ஓட்டமாவடியில் தங்கினால் ஹலால் சாப்பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொழுகைக்குப் பள்ளிவாசலும் அருகில். உம்மாவுக்கு ஏதேனும் என்றால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையும் கிட்டத்தில்.

பெண்பிள்ளைகள் மனக்கூச்சமின்றிக் கடலில் இறங்க வேண்டுமானால் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போய்விடுங்கள். கிழக்குக் கரை என்பதால் விடியற்காலை வெளிச்சமே போதுமானதாக இருக்கும். எட்டு மணி வரைக்கும் ஆள் நடமாட்டமும் குறைவு. விடுமுறை நாட்களிலும் போயா தினங்களிலும் பத்து மணிக்குப் பிறகு கரை நிரம்பிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பாசிக்குடாவில் அலை இல்லை, ஆழம் இல்லை என்ற நம்பிக்கையில் பெற்றோர் பிள்ளைகளைக் காற்றடைத்த வளையத்திலோ மெத்தையிலோ மிதக்கவிட்டுக் கரையில் இருந்துவிடுகிறார்கள். வைகாசி முதல் ஆவணி வரை நம் பகுதியில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் தண்ணீர் தட்டையாக, சலனமற்றுத் தெரிவதும் அந்தக் காற்றினால்தான். அந்தத் தட்டையான தண்ணீரில் வளையத்தில் இருக்கும் பிள்ளை, தானும் உணராமல், பார்த்துக்கொண்டிருப்பவரும் உணராமல், மெல்ல மெல்ல வெளியே தள்ளப்படும். பிள்ளை இறங்கி நிற்க நினைக்கும்போது கால் நிலத்தில் எட்டாது. கச்சான் காலத்தில் வளையத்தைக் கொண்டே போகாதீர்கள். கொண்டுபோனால் பெரியவர் ஒருவர் பிள்ளைக்கும் ஆழ்கடலுக்கும் நடுவில் நிற்க வேண்டும், கரைப் பக்கத்தில் நின்று பயனில்லை. பக்கத்தில் உள்ள கல்குடாக் கரை அமைதியானது, கூட்டம் குறைவானது. ஆனால் பாசிக்குடாவின் ஆழமின்மையை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தால், ஜும்ஆவை எங்கே தொழுவது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சாய்ந்தமருது முதல் காத்தான்குடி வரை பல கடைகள் பூட்டியிருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அண்ணன் குடும்பம் டிசம்பரில் வருகிறது. மட்டக்களப்பிலிருந்து அறுகம்பை வரை போய் இரண்டு இரவு தங்க ஆசைப்படுகிறார்கள். போகலாமா?
– வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: அறுகம்பையில் இரவு தங்குவதை இப்போது விட்டுவிடுங்கள். கார்த்திகை, மார்கழி நமக்கு அடைமழை. கடல் கொந்தளிக்கும், பருவம் முடிந்து அறுகம்பை விடுதிகள் பலவும் மூடியிருக்கும். பிரதான வீதி திறந்திருந்தாலும், வயலையும் ஆற்றையும் குறுக்கறுத்துப் போகும் வீதிகளில் வெள்ளம் சடுதியாக ஏறும். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் மறப்பதற்கில்லை. வீதிக்கு மேலாகத் தண்ணீர் ஓடுமானால், முன்னால் ஒரு வாகனம் கடந்து போயிருந்தாலும், நீங்கள் திரும்பிவிட வேண்டும்.

உங்கள் வீட்டையே தங்குமிடமாக வைத்துக்கொண்டு, மழை விட்ட நாளில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரையும், காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரையும் காட்டிப் பின்னேரத்துக்குள் திரும்பிவிடலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போவது எளிது. புறப்படும் காலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலைப் பாருங்கள். வீதி நிலையில் ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்கலாம். எவ்வளவு சொல்லியும் அண்ணன் அறுகம்பைதான் வேண்டும் என்று நின்றால், முற்பணம் கட்டுவதற்கு முன்பே, வீதி மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, திகதியை மாற்றலாமா என்பதை விடுதியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.