பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்

போன வாரம் மகளோடு வந்தீர்கள். உட்கார்ந்ததும் மஞ்சப்பையிலிருந்து நிலப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்து, "இத வித்தாவது டாக்டராக்கிடணும் சார்" என்றீர்கள். பிள்ளை பேசாமல் அந்தப் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்: "படிச்சு முடிச்சு நம்ம ஊர்ப் பக்கமே வைத்தியம் பார்க்கணும்." அந்த ஆசையை முதலில் கொல்வது கடன்தான். நிலத்தை விற்று, போதாததற்கு வட்டிக்கும் வாங்கித் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால், சம்பளம் எங்கே அதிகமோ அங்கேதான் அவள் போயாக வேண்டும். அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிதான் என்றீர்களே, அது பத்திரத்தைவிடப் பெரிய சொத்து. 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மொத்தம் 720 மதிப்பெண், அதில் பாதி உயிரியல். அவளுக்குப் பிடித்த பாடமும் அதுதான். இயற்பியலைத்தான் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. ஊர்ப் பக்கம் சேவை செய்யும் ஆசையை அவள் அப்படிச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஆற்று மணலில் எழுதிப் படித்தவர். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் கண் மருத்துவத்துக்கு மாறினார். அதே விரல்களால் லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976இல், அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு. அதற்காக அவரும் வீட்டை அடகு வைத்தார்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் இருபது வருஷம் அரசுக் கல்லூரியில் வேலை பார்த்துக் கை தேர்ந்திருந்தார். பதினேழு வயதுப் பிள்ளை தலையில் அடகைக் கட்டுவது வேறு.

படிப்பு நாலரை வருஷம், பயிற்சி மருத்துவராக ஒரு வருஷம். அப்புறம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரலாம். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அரசு மேற்படிப்பு இடங்களில் தனி ஒதுக்கீடும் உண்டு. ஊர்ப் பக்கம் போனால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

முதல் முறை நீட்டில் இடம் தவறினால் இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள். மூன்றாவது, நான்காவது முறைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். நர்சிங், பிசியோதெரபி என்று பேசலாம்.

சரி, திங்கட்கிழமை வாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, சாதிச் சான்றிதழ், கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்கள் வேண்டும். இந்த முறை பிள்ளை பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.