சேரம்பாடியில் கேட்ட பாடல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் நீலகிரி மாவட்டத்தில் சேரம்பாடி அருகே, டான்டீ என்னும் தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகத்தின் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். இப்போது குன்னூரில் ஆசிரியையாக இருக்கிறேன். என் பெற்றோர் இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பலேறித் தாயகம் திரும்பியவர்கள். லயத்துக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அம்மா காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் புறப்படும் வரை அதில் இலங்கை வானொலிதான் ஒலித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இரண்டு கேள்விகள். நான் பள்ளியில் படித்த காலம் இளையராஜாவின் காலம். ஆனால் என் இளமையைத் திருப்பிக் கொண்டுவருபவை நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட ஏ. எம். ராஜா, ஜிக்கி, பி. சுசீலா பாடல்கள். இது ஏன்? அடுத்து, அதே பாடல்களை இன்று கைபேசியில் மிகத் துல்லியமாகக் கேட்கும்போது எனக்குள் எதுவும் நிகழ்வதில்லை. ஆனால் சென்ற மாதம் கோத்தகிரியில் ஒரு தேநீர்க் கடையில், பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, அவற்றில் ஒன்று அரைகுறையாகக் காதில் விழுந்தபோது லயத்து அடுப்படியும், மிலாறு என்னும் தேயிலைக் குச்சி விறகின் புகையும் கண்முன் வந்துவிட்டன. அம்மா கூடவே பாடிக்கொண்டு வந்து இரண்டாவது சரணத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். அந்த இடம்கூட நினைவுக்கு வந்தது. இதைக் கேட்ட என் மகன், “உங்களுக்குப் பிடித்தது பாட்டு இல்லை, உங்கள் சின்ன வயதுதான்” என்கிறான். அவன் சொல்வது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது பெரும்பாலான மனிதர்களுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதை உங்கள் கடிதமே காட்டிவிடுகிறது. மனிதர்கள் முதுமையில் தங்கள் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது, ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மிகுதியாக வருகின்றன என்று உளவியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பாடல்களைப் பொறுத்தவரை அது பதின்பருவத்தில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. அந்தக் கணக்கின்படி, 1976இல் திரைக்கு வந்த இளையராஜாவின் பாடல்கள்தான் உங்களைச் சேரம்பாடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உங்கள் மனம் அவற்றைத் தாண்டிப் பின்னால் போகிறது என்றால், அது தேடுவது உங்கள் சின்ன வயதை மட்டும் அல்ல.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஸப்னிக் ஆகிய இருவரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாடல்களைப் போட்டுக் காட்டி, எவை நினைவுகளை எழுப்புகின்றன என்று கேட்டார்கள். மாணவர்களுடைய சொந்தக் காலத்துப் பாடல்கள் நினைவுகளை எழுப்பியதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு முன்பு, அவர்களுடைய பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980களின் தொடக்கத்துப் பாடல்களிடத்தும் அதே நெருக்கம் வெளிப்பட்டது. 1960களின் பாடல்களிடத்தும் ஓரளவு தெரிந்தது. பெற்றோர் தங்கள் இளமைக்காலப் பாடல்களை வீட்டில் கேட்டுக்கொண்டிருக்க, அவற்றைக் கேட்டுப் பிள்ளைகள் வளர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. ஆயினும் உங்கள் வீட்டில் அந்த வானொலிக்கு இருந்த இடம் இந்த ஆய்வு சொல்வதைவிடப் பெரியது என்று நான் நம்புகிறேன். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கே வாழ விரும்புகிறோம் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த மக்கள் இருக்கவில்லை. இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டு, 1976இல் கழகமாக மாறியதுதான் டான்டீ. பதுளையில் கொழுந்து பறித்த கைகள் சேரம்பாடியில் கொழுந்து பறித்தன. அங்கே இந்தியர் என்றும் இங்கே சிலோன்காரர் என்றும் அழைக்கப்பட்ட அந்த மக்களுக்கு, விட்டு வந்த மண்ணிலிருந்து நாள்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒன்று அந்த ஒலிபரப்பு.

தமிழ்நாட்டில் இருந்த மற்றவர்களும் இலங்கை வானொலியைக் கேட்டார்கள். அகில இந்திய வானொலி 1950களில் திரையிசைக்கு இடத்தைச் சுருக்கிக்கொண்டபோது கொழும்பு அதைத் தாராளமாக வழங்கியது, மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரல்கள் மதுரையிலும் திருச்சியிலும் வீட்டு மனிதர்களின் குரல்களைப் போல அறியப்பட்டிருந்தன. ஆனால் மதுரையில் கேட்டவர்களுக்கு அது நல்ல பாட்டுப் போடும் ஒரு நிலையம். உங்கள் அம்மாவுக்கோ அது, அவர் பதினேழு பதினெட்டு வயதில் எங்கே எவரோடு நின்று அந்தப் பாடலைக் கேட்டாரோ அந்த இடத்திலிருந்தே வருவது. அடுப்பு ஊதிக்கொண்டும் வேலைக்குப் போக இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டும் அவர் கேட்டது தன் இளமையை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி அந்தப் பாடலைக் கேட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாயின் முகத்தையும் பார்த்தாள். குழந்தைகள் இதைப் பார்க்கத் தவறுவதே இல்லை. எனவே அந்தப் பாடல்கள் உங்களிடம் வந்து சேரும்போதே ஒருவருடைய ஏக்கத்தைச் சுமந்து வந்தன. இளையராஜாவின் பாடல்கள் உங்களிடம் புதிதாக, எவருடைய நினைவும் படியாமல் வந்தன. இரண்டும் ஒரே ஆழத்தில் இறங்காதது இயல்பே.

கைபேசியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒன்றை எந்தச் சூழலோடு சேர்த்து மனத்தில் பதிந்துகொண்டோமோ, அந்தச் சூழலின் கூறுகள் திரும்பக் கிடைக்கும்போதுதான் நினைவும் எளிதில் திரும்புகிறது என்பதை எண்டல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973இல் விளக்கினார்கள். நீங்கள் பதிந்துகொண்டது ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்த சுத்தமான பாடலை அல்லவே. சிற்றலை வானொலியின் அலைகள் வானத்தின் மேலடுக்குகளில் பட்டுத் திரும்பித்தான் தொலைவிலுள்ள ஊர்களை அடைகின்றன. அந்த அடுக்குகள் ஒரு நிலையில் நிற்பதில்லை என்பதால் ஓசை ஏறும், இறங்கும், சில வரிகள் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். மலையில் இதோடு மழையின் சத்தமும் சேரும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் எவராலும் ஒரு பாடலை முழுமையாகக் கேட்டிருக்க முடியாது. கோத்தகிரிக் கடையில் உங்களுக்குக் கிடைத்த அரைகுறைப் பாடல், கைபேசியின் முழுப் பாடலைக் காட்டிலும் நீங்கள் சிறுவயதில் கேட்டதற்கு நெருக்கமானது.

இங்கே என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உதகையில் என் சிறுவயதில், மாரியம்மன் திருவிழா நாட்களின் அதிகாலையில் குழாய் ஒலிபெருக்கிப் பாடல்கள் அடுத்த சரிவிலிருந்து வருவதுபோல் அவ்வளவு நெருக்கமாகக் கேட்கும். வெயில் ஏறியதும் தொலைவுக்குப் போய்விடும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி அதற்கு மேல் வெப்பக் காற்று நிற்கும்போது ஒலி மேலே கலைந்துபோகாமல் கீழ்நோக்கி வளைகிறது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பாடல்களைச் சென்னையில் எத்தனை நல்ல கருவியில் கேட்டாலும் எனக்கு உதகை வருவதில்லை. அந்தத் தொலைவும் அந்தக் குளிரும் பாடலின் பகுதியாகவே என்னிடம் பதிந்திருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அம்மா பாடுவதை நிறுத்திவிடும் அந்த இடம். உங்களுக்குள் இருக்கும் பாடல் அங்கே நின்றுவிடுகிறது. கைபேசியில் சுசீலா அந்த இடத்தைக் கடந்து தயக்கமின்றி மேலே போய்விடுகிறார். நீங்கள் காத்திருந்த அந்த இடைவெளி வருவதே இல்லை. உங்களுக்குள் எதுவும் நிகழாமல் போவதற்கு, ஒலியின் துல்லியத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் பாடல்களுக்கு இதில் பங்கே இல்லை என்று உங்கள் மகன் நினைத்துவிடக் கூடாது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறும் ஒரு பெண், பயிற்சி இல்லாத குரலில், மூச்சுக்கு இடம் விட்டுப் பாடக்கூடிய மெட்டுகள் அவை. வரிகள் ஒருமுறை கேட்டாலே வாயில் தங்கின. வாத்தியங்களை எடுத்துவிட்டாலும் உயிரோடு நிற்கும் மெட்டுதான் ஒரு வீட்டுக்குள் வாய்வழியாகப் பிழைத்திருக்க முடியும். பலவீனமான பாடல் ஒன்று உங்கள் அம்மாவின் நாவில் இத்தனை ஆண்டுகள் தங்கியிருக்காது.

அம்மா நலமாக இருக்கிறார் என்றே கடிதத்தின் தொனியிலிருந்து எண்ணிக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு வேண்டுகோள். அந்தப் பாடல்களைக் கைபேசியில் நாள்தோறும் போட்டுக் கேட்காதீர்கள்; திரும்பத் திரும்பக் கேட்டால் அவை சேரம்பாடியை விட்டுவிட்டுக் குன்னூரின் இன்றைய சமையலறையைப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பதிலாக அம்மாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நிறுத்தினால் வரியை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பதுளையில் அந்தப் பாடலை முதலில் எங்கே கேட்டார், எவர் வீட்டு வானொலி அது, கூட இருந்தவர்களில் எவர் கப்பலேறினார்கள், எவர் அங்கேயே தங்கினார்கள் என்று கேளுங்கள்.

அதன் பிறகு திரைப்பாடல் அல்லாதவற்றையும் கேளுங்கள். திரைப்பாடல்கள் எங்காவது சேமிக்கப்பட்டிருக்கும். மலையில் கொழுந்து பறிக்கும்போது பாடியவை, தாலாட்டு, சாவு வீட்டில் வைத்த ஒப்பாரி ஆகியவை பாடியவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை அத்தகைய பாடல்களைத் தோட்டங்களிலிருந்து திரட்டி நூலாக்கினார். கூடலூர், பந்தலூர் வட்டாரங்களுக்கு வந்து சேர்ந்தவர்களோடும் அவை வந்திருக்கும். அம்மாவுக்கு அவற்றில் சில வரிகளேனும் தெரிந்திருந்தால், அவருடன் ஒரே லயத்தில் இருந்தவர்களிடம் மீதி வரிகள் கிடைக்கக்கூடும். வரும் விடுமுறையிலேயே சேரம்பாடிக்குப் போய்வாருங்கள். முடிந்தால் மகனையும் அழைத்துச் செல்லுங்கள், பதிவுக் கருவியைக் கையாள அவனே உதவுவான்.

அன்புடன்.